ரேகை தேய்ந்த சிஸ்டர்

எங்கள் ஆஸ்பத்திரியில் என்னைக் கண்டால் டாக்டர்களே கையைப் பின்னால் கட்டிக்கொள்வார்கள். மரியாதை என்று கொஞ்ச காலம் நம்பிக்கொண்டிருந்தேன். பிறகுதான் தெரிந்தது, பயம். ராஜபாளையத்தில் ஒரு நடுத்தரமான தனியார் ஆஸ்பத்திரி அது. அங்கே நான் இருபத்திரண்டு வருஷமாக நர்ஸ். கடைசி ஆறு வருஷமாக, நோயாளிகளுக்குள் தொற்று பரவாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் என் தலையில். யார் கை கழுவினார்கள், யார் கழுவாமல் ஒரு கட்டிலிலிருந்து அடுத்த கட்டிலுக்குத் தாவினார்கள் என்று கையும் களவுமாகப் பிடிப்பது என் வேலை. பெரிய ஆபரேஷன் டாக்டரையே வராந்தாவில் நிறுத்தி, "சார், கட்டைவிரலைக் கழுவலையே?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். முதுகுக்குப் பின்னால் எனக்கு வைத்திருக்கும் பெயர் 'கைகழுவி'. அதைக் கேட்டு முதலில் சிரித்த ஆள் நான்தான்.

ஒருவரைக் கை கழுவிவிட்டோம் என்றால் ஊரில் அதற்கு அர்த்தம், விட்டுத் தொலைத்துவிட்டோம் என்பது. எங்கள் தொழிலில் அப்படியே தலைகீழ். கை கழுவினால்தான் ஒருவர் பக்கத்திலேயே போக முடியும். நாளுக்கு எத்தனை தடவை கழுவுகிறேன் என்று எண்ணியதில்லை. சோப்பு, ஸ்பிரிட், கையுறை, திரும்பவும் சோப்பு. இப்படியே இருபத்திரண்டு வருஷம் ஓடிவிட்டது.

நர்ஸ் படிப்பை முடித்துவிட்டால் மட்டும் நர்ஸ் ஆகிவிட முடியாது. மாநில கவுன்சிலில் பதிவு செய்து ஒரு எண் வாங்க வேண்டும். அந்தப் பதிவையும் ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்க வேண்டுமென்றால், நடுவில் வகுப்புகளுக்குப் போய் இத்தனை மணி நேரம் படித்தேன் என்று சர்டிபிகேட் காட்ட வேண்டும். இந்த வகுப்புகள் என்றால் எனக்குக் கொள்ளைப் பிரியம். ஞாயிற்றுக்கிழமை காலையில் நல்ல சேலை கட்டிக்கொண்டு, பிளாஸ்டிக் பொம்மையின் நெஞ்சில் இரண்டு கையாலும் அமுக்கி அதற்கு உயிர் கொடுத்துவிட்டு, மத்தியானம் வெஜிடபிள் பிரியாணி சாப்பிட்டுவிட்டு வருவேன். ஒரு வகுப்பில் கை கழுவும் முறையைச் சொல்லிக்கொடுக்க வந்தவர் ஆறு படிகளில் ஒன்றை விட்டுவிட்டார். என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்து சொன்னேன். சாப்பாட்டுக்குப் பிறகு நான் பாடம் எடுக்க, அவர் முன் வரிசையில் உட்கார்ந்து கைதட்டினார். சாயங்காலம் எனக்கு மாணவி என்றே சர்டிபிகேட் கொடுத்தார்கள். அதையும் கோப்பில் பத்திரமாக வைத்தேன்.

ஆகவே இந்த முறை புதுப்பிக்கும் வேளை வந்தபோது எனக்கு ஒரு துளிக் கவலையும் இல்லை. மாதக் கடைசிக்கு இன்னும் நாள் இருக்கிறது என்று ஆடி அசைந்துகொண்டிருந்தேன். ஒரு நாள் மேட்ரன் அம்மா கூப்பிட்டார். நர்ஸுகளுக்கெல்லாம் தலைமை அவர்தான். மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"எல்லாரும் ரினியூவல் பேப்பர் குடுத்துட்டாக. ஒன்னோடது மட்டும் எங்கம்மா?"

"இந்த வாரம் முடிச்சிருதேன் மேடம்."

"ஒண்ணாம் தேதி காலையில என் மேசையில இருக்கணும். இல்லன்னா பேஷன்ட் மேல நீ கை வைக்கக் கூடாது. ரிசப்ஷன்ல ஒனக்கு ஒரு சேர் போட்டுருதேன். டோக்கன் குடுத்துக்கிட்டு இரு."

அவர் கோபமாகச் சொல்லவில்லை, சட்டத்தைச் சொன்னார். காய்ச்சல்காரர் நெற்றியைத் தொடாமல், ஊசி போட நரம்பைத் தடவிப் பார்க்காமல், கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து டோக்கன் கிழிப்பதா? அன்று ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை.

அடுத்த நாளே கல்லூரியில் படிக்கும் என் மகள் லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்துவிட்டாள். எல்லாம் தடதடவென்று ஓடியது. போட்டோ ஏறியது, சர்டிபிகேட்டுகள் ஏறின. கடைசியில் ஆதாரை உறுதி செய்ய வேண்டும் என்று கேட்டது. ஆதாரோடு சேர்ந்த செல்போனுக்கு ஓடிபி வரும், அதை அடித்தால் போதும். ஆனால் அந்த நம்பர் இருந்த போன், ஒரு காணும் பொங்கலன்று பிளவக்கல் அணையில் என் வீட்டுக்காரர் சட்டைப் பையிலிருந்து தண்ணீருக்குள் குதித்துவிட்டது. போனது போகட்டும் என்று நம்பரையும் விட்டுவிட்டோம். இப்போது அது யாரிடம் இருக்கிறதோ.

மகள் சளைக்கவில்லை. அந்த நம்பருக்கே போன் போட்டு, தேன் ஒழுகப் பேசினாள்.

"அண்ணே, ஒங்க போனுக்கு இப்ப ஒரு ஓடிபி வந்துருக்கும். அதச் செத்த சொல்லுங்களேன்."

அந்தப் பக்கம் லாரி இரைச்சல். பிறகு ஒரு கனத்த குரல்: "பொம்பளப் புள்ளைய வச்சு வேற ஆரம்பிச்சிட்டீங்களா? இந்த நம்பர போலீஸ்ல குடுத்துருவேன், பாத்துக்க!"

எங்கள் வீட்டில் மூன்று பேரும் தரையில் உருண்டு சிரித்தோம். சிரித்து முடித்ததும், இனி என்ன செய்வது என்று மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இன்னொரு வழி இருந்தது. கம்ப்யூட்டர் மையத்துக்குப் போய்க் கைரேகை வைத்தால் ஓடிபி தேவையில்லை. இவ்வளவுதானா, என் கை என்னோடுதானே இருக்கிறது என்றேன்.

பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு மையத்துக்குப் போனேன். நல்ல கூட்டம். என் முறை வந்தது. ரேகை மெஷினைப் பார்த்தேன். எத்தனை பேர் விரல் வைத்த கண்ணாடி அது! கைப்பையிலிருந்து ஸ்பிரிட் பஞ்சை எடுத்து அதைத் துடைத்தேன். இன்னொரு பஞ்சால் என் கட்டைவிரலைத் துடைத்தேன். பிறகு வைத்தேன். சிவப்பு விளக்கு.

"இன்னொருக்க வைங்க," என்றார் மையத்துக்காரர். நான் இன்னொரு தடவை துடைத்துவிட்டு வைத்தேன். சிவப்பு.

"தொடைக்காதீங்க சிஸ்டர். தலையில தேச்சிட்டு வைங்க. ரேஷன் கடையில எல்லாரும் அப்படித்தான."

உண்மைதான். ரேகை விழவில்லை என்றால் எங்கள் ஊரில் விரலைத் தலைமுடியில் தேய்த்து, அந்த எண்ணெய்ப் பசையோடு மெஷினில் வைப்பார்கள். அரிசி வந்துவிடும். நானும் தேய்த்தேன். ஆனால் தலையைத் தொட்ட கையோடு எதையும் தொட எனக்கு வராதே. விரல் தலையிலிருந்து இறங்குவதற்குள் என் இடது கை பைக்குள் போய், சானிடைசரை எடுத்துப் பிதுக்கி, இரண்டு கையும் சேர்ந்து தேய்த்து முடித்துவிட்டன. வரிசையில் நின்ற ஒரு அம்மா 'அட' என்று வாயில் கை வைத்தார். மையத்துக்காரர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார்.

"சிஸ்டர்! கையக் கழுவாதீங்க!"

ஆறு வருஷமாக ஊரையே கழுவு கழுவு என்று விரட்டிய என்னை ஒருவர் முதல் முறையாக இப்படிக் கத்துகிறார். எனக்குக் கோபம் வருவதற்குப் பதிலாகச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இரண்டு கட்டைவிரலும் இரண்டு ஆள்காட்டி விரலும் வைத்துப் பார்த்தார். எல்லாம் சிவப்பு. என் விரலைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பினார்.

"ஒங்களுக்கு ரேகையே இல்ல சிஸ்டர். வழுவழுன்னு இருக்கு."

"எம்புட்டு இருக்கு?"

"ஒண்ணுமே இல்லங்கேன்."

கண்ணை வைத்துப் பார்க்கும் மெஷின் ரிப்பேருக்குப் போயிருந்தது. அவரே ஒரு யோசனை சொன்னார். மூன்று நாள் சோப்பும் தண்ணீரும் படாமல் கையை வைத்திருந்து, எண்ணெய் தடவிக்கொண்டு, ஸ்ரீவில்லிபுத்தூர் மையத்துக்குப் போக வேண்டும். அங்கே புது மெஷின் வந்திருக்கிறது, லேசான ரேகையையும் பிடிக்கும். விரல் விட்டு எண்ணினேன். மூன்று நாள் கழித்து மாதத்தின் கடைசி நாள். மிச்சமிருந்த லீவு மூன்று நாளையும் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

அந்த மூன்று நாளைப் பற்றி நான் எங்கே பேச ஆரம்பித்தாலும் என் வீட்டுக்காரர் எழுந்து போய்விடுவார். அவருக்கு சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் மில்லில் வேலை. அவர் நெய்வார், நான் கட்டுவேன் என்று எங்கள் சொந்தத்தில் கேலி உண்டு. அவர்தான் என் பத்து விரலுக்கும் தேங்காய் எண்ணெய் தடவி, இரண்டு கையிலும் மில் துணியைச் சுற்றிவிட்டார். "ஏட்டி, எதையும் தொடாத. ராணி மாதிரி உக்காரு," என்றார். நானும் உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் நன்றாக இருந்தது. பிறகு மூக்கு அரித்தது.

பக்கத்து வீட்டுத் தெலுங்கு அக்கா ஜன்னல் வழியாக என் கையைப் பார்த்துவிட்டு "ஐயோ, ஏமாயிந்தி? என்னாச்சு?" என்று அலறினார். நான் சொல்லி முடிப்பதற்குள் தெரு முழுக்கச் செய்தி போய்விட்டது. எனக்குக் கை வெந்துவிட்டதாம். சாயங்காலத்துக்குள் ஆரஞ்சு, ஹார்லிக்ஸ், பன், இளநீர் என்று வந்து குவிந்தது. ஒரு வயதான பெண்மணி என் கட்டைப் பார்த்துக் கண் கலங்கி, "எம்புட்டுப் பேர் புண்ணுக்குக் கட்டுன கை," என்றார். அதற்குப் பிறகு உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஹார்லிக்ஸைக் குடித்தேன்.

மூன்று நாளும் வீட்டுக்காரர்தான் ஊட்டிவிட்டார். கல்யாணமான புதிதில்கூட அவர் அப்படிச் செய்ததில்லை. சோற்று உருண்டையைக் கொண்டுவருவார். நான் வாயைத் திறக்க மாட்டேன்.

"சோப்புப் போட்டீகளா?"

"போட்டேன்."

"நகத்துக்குள்ள?"

"போட்டேன் தாயே. வாயத் தெற."

"கட்டைவிரலு?"

அவர் தட்டோடு எழுந்துபோய் மறுபடியும் கழுவிவிட்டு வருவார். ரசம் ஆறிவிடும். மகள் எனக்குத் தலை பின்னிவிட்டாள், முகம் கழுவிவிட்டாள், அத்தனையையும் வீடியோ எடுத்தாள். வேறு சில காரியங்களுக்கு நான் கையுறை போட்டுக்கொண்டேன், அதை இங்கே விவரிக்கப் போவதில்லை. ஆனால் ஒன்று உண்மை. இருபத்திரண்டு வருஷத்தில் என்னை இவ்வளவு பேர் கவனித்துக்கொண்டதில்லை. எனக்கு வெட்கமாகவும் இருந்தது, ரொம்பப் பிடித்தும் இருந்தது. ஒவ்வொரு ராத்திரியும் துணியை அவிழ்த்து விரலைப் பார்ப்போம். இரண்டாம் நாள் கட்டைவிரலில் மெல்லிசாக இரண்டு கோடு தெரிவதாக மகள் சத்தியம் செய்தாள். நான் அந்தக் கோடுகளை நம்பித் தூங்கினேன்.

கடைசி நாள் காலை ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ். வீட்டுக்காரருக்கு மில், மகளுக்குப் பரீட்சை, அதனால் தனியாகத்தான் கிளம்பினேன். துணிக்கட்டுகளை அவிழ்த்துவிட்டு, கைகளை மடியில் மலர்த்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கண்டக்டருக்குச் சில்லறையைக்கூட உள்ளங்கையாலேயே தள்ளினேன். மம்சாபுரம் விலக்கில் ஒரு தாய் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். மடியில் நாலு வயதுப் பெண் குழந்தை. பஸ் கிளம்பிக் கொஞ்ச தூரம் போவதற்குள் குழந்தையின் உதட்டைச் சுற்றி வெளுத்தது. எனக்குத் தெரியும் அந்த வெளுப்பு. குழந்தை வாயைத் திறந்தது.

என் மூளை 'வேண்டாம்' என்றுதான் சொன்னது. கை கேட்கவில்லை. வாந்தி வரப்போகிற வாயைக் கண்டால் ஏந்துவது அதற்குப் பழக்கம். இரண்டு உள்ளங்கையும் சேர்ந்து குவிந்து, குழந்தையின் மோவாய்க்குக் கீழே போய் நின்றன. காலையில் சாப்பிட்ட இட்லி முழுக்க என் கையில். தாயின் சேலையில் ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. பின் சீட்டிலிருந்து ஒருவர் "சபாஷ்" என்றார்.

கண்டக்டர் விசிலடித்து பஸ்ஸை ஓரங்கட்டினார். கையில் இருந்ததை வேப்பமரத்தடியில் கொட்டினேன். தாய் தண்ணீர் பாட்டிலைச் சாய்த்துக்கொண்டு நின்றாள். "கழுவுங்கக்கா."

நான் கழுவவில்லை. கையை நீட்டியபடியே நின்றேன். மூன்று நாள் எண்ணெய், மூன்று நாள் லீவு, இரண்டு கோடு! பஸ் ஜன்னலெல்லாம் தலை. ஒரு இலையால் துடைத்துக்கொண்டால் போதாதா, கட்டைவிரலை மட்டும் விட்டுவிடலாமா என்று அசிங்கமாகக் கணக்குப் போட்டேன். நான் முறைத்துக்கொண்டு நிற்பதாக அந்தப் பெண் நினைத்துவிட்டாள். அவள் கண் நிறைந்துவிட்டது.

"மன்னிச்சிருங்கக்கா. புள்ளைக்கு பஸ்ஸே ஆகாது. தெரியாமக் கூட்டியாந்துட்டேன்."

"ஐயோ, அதில்லம்மா. ஊத்து," என்றேன்.

பையிலிருந்து காகித சோப்பை எடுத்தேன். முதலில் உள்ளங்கை, பிறகு புறங்கை, விரலிடுக்கு, விரல் முதுகு, கட்டைவிரல், நுனி. ஆறு படியையும் விடவில்லை. அரைகுறையாகக் கழுவ எனக்குத் தெரியாது. ஈரக் கையோடு குழந்தையின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன், மெத்தென்று இருந்தது. காய்ச்சல் இல்லை. தண்ணீரில் உப்பும் சர்க்கரையும் கலந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கொடு என்று சொன்னேன். குழந்தை என் மடியில் தலையை வைத்துத் தூங்கிவிட்டது. ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் அதன் முதுகைத் தடவிக்கொண்டே வந்தேன். போச்சு, எல்லாம் போச்சு, நாளையிலிருந்து டோக்கன்தான் என்று மனசு அடித்துக்கொண்டது. தடவுவதை மட்டும் நிறுத்தவில்லை.

மையத்தில் ஒரு பெண் இருந்தார். என் கதையைக் கேட்டுச் சிரித்துவிட்டு, மெஷினை என் பக்கம் தள்ளினார். இந்த முறை நான் எதையும் துடைக்கவில்லை. கைப்பையைக் கால் இடுக்கில் வைத்து மிதித்துக்கொண்டேன்.

வலது கட்டைவிரல், சிவப்பு. இடது கட்டைவிரல், சிவப்பு. அந்த இரண்டு கோடும் வாந்தியோடு போய்விட்டிருந்தன.

"இங்க கண்ணு மெஷினும் கெடையாதுக்கா. நாளைக்கு வாரீங்களா?"

"இன்னைக்குத்தாம்மா கடைசி," என்றேன். எனக்கே ஆச்சரியமாக இருந்தது, நான் அழத் தயாராகிவிட்டேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். பின்னால் நின்றவர்களிடம், "செத்த நேரம் பொறுங்க," என்றார். "பத்து வெரல் இருக்குல்லக்கா. ஒண்ணு விழுந்தாப் போதும்."

ஆள்காட்டி, நடுவிரல், மோதிர விரல், ஒவ்வொன்றாக வைத்தோம். வலது கை முடிந்தது. இடது கையில் வரிசையாக மூன்றும் சிவப்பு. வரிசையில் நின்றவர்கள் முன்னால் வந்து மெஷினைச் சுற்றிக்கொண்டார்கள். கடைசியாக இடது கைச் சுண்டுவிரலை வைத்தேன்.

டிங்.

பச்சை. திரையில் என் போட்டோ வந்து நின்றது. யாரோ கைதட்டினார்கள், நானும் சேர்ந்து தட்டினேன். அந்தப் பெண் என் சுண்டுவிரலைப் பிடித்து உருட்டிப் பார்த்தார். "இதுல மட்டும் புதுசு மாதிரி இருக்குக்கா ரேகை. இந்த வெரலுக்கு வேலையே குடுக்க மாட்டீங்களோ?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. வேலை என்ன வேலை. நான் அந்த விரலைக் கழுவுவதே இல்லை! சரியாகக் கழுவுவதில்லை. இடது கை நுனிகளைத் தேய்க்கும்போது நாலோடு நின்றுவிடுகிறேன் போலிருக்கிறது, இத்தனை வருஷமாக. ஊரில் உள்ள டாக்டரையெல்லாம் கட்டைவிரலுக்காக விரட்டியவள், ஞாயிற்றுக்கிழமை ஆறு படி பாடம் எடுத்தவள், சுண்டுவிரலில் கோட்டை விட்டிருக்கிறேன். கோட்டை விட்ட விரல் என்னைக் காப்பாற்றியிருக்கிறது. வெட்கமா சந்தோஷமா என்று பிரிக்க முடியாமல் ஒரு சிரிப்பு கிளம்பியது. நிறுத்த முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வந்து, விக்கல் எடுத்து, அந்தப் பெண் எழுந்து போய் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தார்.

பதிவு புதுப்பித்தாயிற்று என்ற தாள் சாயங்காலத்துக்குள் வந்துவிட்டது. ஒண்ணாம் தேதி காலை மேட்ரன் அம்மா வருவதற்கு முன்பே அது அவர் மேசையில் இருந்தது. அதற்குள் வார்டில் இருந்த சின்ன நர்ஸுகளிடம் சுண்டுவிரல் கதையை மறைக்காமல் சொல்லிவிட்டேன். நான் மற்றவர்களைப் பிடிக்கலாம் என்றால் என்னையும் பிடிக்க வேண்டுமே. அவர்கள் சிரித்த சிரிப்பில் நாலாம் கட்டில் தாத்தா முழித்துக்கொண்டார். சர்க்கரை நோயில் காலில் ஆறாத புண் அவருக்கு. என்னிடம்தான் கட்டுப் போட்டுக்கொள்வேன் என்று மூன்று நாளாக மற்றவர்களைப் படுத்தியிருக்கிறார்.

"வந்துட்டியாம்மா?" என்று காலை நீட்டினார்.

நான் குழாயடிக்குப் போனேன். ஒரு சின்ன நர்ஸ் பின்னாலேயே ஓடிவந்தாள்.

"அக்கா, அக்கா! அந்த ஒரு வெரல மட்டும் தண்ணி படாம வச்சுக்கோங்க. அஞ்சு வருஷம் கழிச்சு வேணும்ல!"

கிண்டல்தான். ஆனால் ஒரு நொடி குழாயின் மேல் கை வைத்தபடி நான் நிஜமாகவே யோசித்தேன். அந்த ஒரு விரலில்தான் நான் இன்னார் என்பதற்கு அத்தாட்சி மிச்சம் இருக்கிறது. அந்தப் பக்கம் தாத்தா புண்ணைக் காட்டிக்கொண்டு படுத்திருக்கிறார்.

குழாயைத் திறந்தேன். இடது கைச் சுண்டுவிரலில்தான் முதலில் சோப்பைப் போட்டேன்.